வலது காது மஞ்சள்

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கண்ணளவு என்று கூப்பிட வேண்டும். அடிபட்டு வருகிற கார்களைத் தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஒன்றுமே நடக்காதது போல அனுப்பி வைக்கிற பட்டறை அது. ஒரு கதவு நசுங்கினால் அந்தக் கதவுக்கு மட்டும்தான் புது பெயிண்ட். பக்கத்துக் கதவோ வருடக்கணக்கில் வெயிலில் நின்று வெளுத்திருக்கும். கம்பெனி சொல்கிற அளவில் கலக்கினால் புதுக் கதவு மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்து மானத்தை வாங்கும். வெளுத்த கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் ஒரு சொட்டு, அதில் அரைச் சொட்டு என்று சேர்த்து, எது பழசு எது புதுசு என்று வண்டிக்காரரையே திகைக்க வைப்பதுதான் கண்ணளவின் வேலை. தராசைத் தொடாமலே கலக்குவார் என்று வெளியே பேச்சு. தொடுவார். ஆனால் அந்தப் பேச்சை அவர் மறுத்ததில்லை.

அவர் கலக்குகிற அறை பட்டறையின் கடைசியில் இருந்தது. தூசி வந்தால் பெயிண்ட் கெட்டுவிடும் என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை. பெயிண்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. அலமாரி நிறைய டப்பாக்கள், மூலையில் பெயிண்டை இளக்குகிற தின்னர் டின், சுவரில் ஆணி, ஆணியில் ஒரு முகமூடி. அந்த முகமூடி ஆணியை விட்டு இறங்குவது, அதிகாரிகள் யாராவது பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும்தான். மூக்கை மூடினால் கலர் பிடிபடாது என்பது கண்ணளவின் கட்சி. மூக்குக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரிலேயே கழுவித் துடைத்துக்கொள்வார். சோப்பெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பார்.

அந்த அறை வாசலிலிருந்தே மாடிப்படி தொடங்கும். மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதில்தான் கண்ணளவும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். நல்ல வேலைக்காரர் வேறு பட்டறைக்குப் போய்விடக் கூடாது என்று முதலாளி வாடகை வாங்காமல் கொடுத்த வீடு. கண்ணளவின் மனைவியைப் பட்டறையில் எல்லோரும் மாடியம்மா என்பார்கள். பகல் முழுக்க மேலேதான் இருப்பார். கீழே பெயிண்ட் அடிக்க அடிக்க, வாசனை படியேறி வீட்டுக்குள் வந்து சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நிஜமான சொந்தக்காரர்கள் யாரும் உட்காரவில்லை. கண்ணளவின் தங்கை ஒரு தடவை வந்து, ஒரு ராத்திரி கூடத் தங்காமல் பையைத் தூக்கிக்கொண்டார்.

"எப்படித்தான் இங்க குடும்பம் நடத்தறீங்களோ அண்ணி. எனக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துது" என்றார்.

மாடியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஓசியில் வீடு கிடைத்த வயிற்றெரிச்சலில் நாத்தனார் குறை சொல்லிவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தார். அவருக்கு வாசனை என்று ஒன்று தெரிந்ததே இல்லை. தலைவலி வரும், தைலம் தேய்த்துக்கொள்வார். ஊரில் யாருக்குத்தான் தலைவலி இல்லை.

கண்ணளவுக்கு முதலில் சந்தேகம் வந்தது ஒரு துண்டால். வீட்டுக் கொடியில் இரண்டு துண்டுகள் தொங்கும், ஒன்று வெளிர்நீலம், ஒன்று வெளிர்பச்சை. நீலம் அவருடையது. ஒரு காலையில் முகம் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, "என் துண்டை ஏங்க எடுக்கறீங்க" என்றார் மாடியம்மா. தூக்கக் கலக்கம் என்று சொல்லிச் சமாளித்தார். மறுநாளும் அதே துண்டு. அன்றைக்குத் தூக்கக் கலக்கம் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கொடிக்கு முன்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் எடுத்திருந்தார்.

கண் மருத்துவரிடம் போனார். பலகையில் இருந்த கடைசி வரி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தார். பார்வை நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். கலரைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணளவு என்று பெயர் வாங்கிய மனுஷன் போய், எனக்கு நீலமும் பச்சையும் குழம்புகிறது என்று எப்படிச் சொல்வார்? அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது தின்னர் வாசனை அடிக்கிற ஒரு சட்டைதான். அப்படித்தான் அவர் நினைத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வருகிற இடம் இது, ஆனாலும் புரிகிறது.

மனைவியிடம் மட்டும் சொன்னார். மாடியம்மா, "நான் பாத்துச் சொல்றேன். யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

அப்படித் தொடங்கியது. கலக்கின பெயிண்டை ஒரு சின்ன அட்டையில் அடித்துக் காயவைத்து, சாப்பிடப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். மாடியம்மா அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாகக் கீழே நிற்கிற வண்டியோடு ஒப்பிட்டு, கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கு, கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கு என்று சொல்வார். நாளாக ஆக மாடியம்மா தேறிவிட்டார். வண்டிக்காரர் வந்து நிற்கும்போது கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டுமே, அதற்கும் ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். மாடியம்மா படியில் டீயோடு வந்து நிற்பார். மஞ்சள் அதிகமென்றால் வலது காதைத் தொடுவார். நீலம் அதிகமென்றால் இடது காது. சரியாக இருந்தால் மூக்கு. கண்ணளவு நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு மஞ்சள் குறைக்கணும்" என்பார். வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். பாவம் அந்தம்மாவுக்குக் காதில் ஏதோ தொந்தரவு என்று முதலாளி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாட்களில்தான் அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டார்கள். அதுவரை சாப்பாடு, உப்பு, உறைப்பு என்பதோடு நின்ற பேச்சு, இப்போது சாம்பலில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று நீண்டது. மாடியம்மாவுக்கு அது பிடித்திருந்தது. பட்டறை முழுக்கப் புகழ்கிற கண் தன்னுடைய கண் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அப்புறம் வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் யானைத் தந்த நிறத்தில் ஒரு கார். ஒரு கதவு மட்டும் பச்சை பாய்ந்திருக்கிறது என்று வண்டிக்காரர் சத்தம் போட்டார். வெயில் சரியில்லை என்று முதலாளி பூசி மெழுகி அனுப்பினார். அடுத்து சாம்பல் வண்டி ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. மாடியம்மா மூக்கைத் தொட்டது சத்தியம், கண்ணளவு பார்த்தார். ஆகவே தப்பு தன் கைமேல் என்று முடிவு கட்டினார். சொட்டு விடும்போது கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று மனைவியிடம் வருத்தப்பட்டார்.

இந்தச் சமயத்தில்தான் வழக்கு வந்தது. பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் மூச்சு விட முடியாமல் படுத்துவிட்டார். நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர், அவருக்காக அலைந்து ஒரு வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த மாதிரி நஷ்டஈட்டு வழக்குகளையே நடத்தி நடத்தி, எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற வக்கீலம்மா. பட்டறைக்குள் நுழைந்ததும் கூரைத் தகட்டை நிமிர்ந்து பார்த்தார், தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்து உதறினார். அதிலிருந்து ஒரு சிலந்தி விழுந்து ஓடியது.

"எதிர்ல நிக்கறவங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா?" என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "வீட்டுல என்ன அடுப்பு, என்ன பூச்சி மருந்து அடிக்கறீங்க, குழாய் ஈயக் குழாயா, கூரை எந்தக் கூரை, புகை பிடிப்பீங்களா. வியாதி வீட்டுல வந்ததுன்னு காட்டிட்டா அவங்க வேலை முடிஞ்சுது. வேலையில வந்ததுன்னு நாம காட்டணும்."

"எனக்கு வீடும் வேலையும் ஒரே படிக்கட்டுதாங்க" என்றார் கண்ணளவு. எல்லோரும் சிரித்தார்கள். மாடியம்மா டீ கொடுத்துவிட்டு மேலே போனார்.

வக்கீலம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தொழிலால் வருகிற நோய்களைப் பார்க்கிற மருத்துவமனையில் எல்லோருக்கும் பரிசோதனை. மூச்சு, ரத்தம், நரம்பு, கூடவே கலர் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். தின்னர் புழங்குகிற இடத்தில் கலர்தான் முதலில் போகும், மெதுவாகப் போவதால் ஆளுக்கே தெரியாது என்றார். கண்ணளவு தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை முதலாளி தோளில் கை போட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "நீதான்பா இந்த ரூம்ல ரொம்ப நாளா இருக்கே. உன் கண்ணு நல்லா இருக்குன்னு வந்துட்டா, இங்க ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும். போய்க் காட்டிட்டு வா" என்றார்.

டிங்கர் வேறு மாதிரி பேசினார். அவர் சும்மா தகடு தட்டுகிறவர் இல்லை, ஆளையும் தட்டிப் பார்ப்பார். "அண்ணே, தந்தக் கலர் வண்டி ஏன் திரும்பி வந்துச்சுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்க போய் ஜெயிச்சுட்டு வந்துடாதீங்க. நீங்க ஜெயிச்சா அந்த மனுஷனுக்கு மருந்துக்குக்கூட வழி இருக்காது" என்றார்.

"என் கண்ணைப் பத்தி நீ பேசாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணளவு படியேறினார். ஒரு பக்கம் மூச்சுத் திணறிப் படுத்திருக்கிற கூட்டாளி, ஒரு பக்கம் இத்தனை வருடப் பெயர். அன்றிரவு முழுக்க இரண்டையும் எடைபோட்டார். விடியும்போது பெயர்தான் ஜெயித்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கலர் பரிசோதனை செய்கிற பெண் சின்ன வயசுக்காரர், அதட்டாமல் பேசுகிறவர். மேசை விளக்கின் கீழே ஒரு நீளமான தட்டை வைத்தார். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வட்ட மூடி ஒட்டியிருந்தது. அதே போலக் கை நிறைய மூடிகளைக் கொட்டினார். எல்லாம் பால் ஊற்றிக் கலந்தது போல வெளிறிய நிறங்கள்.

"இந்த முதல் மூடிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற கலரை எடுத்து அடுத்து வைங்க. அப்புறம் அதுக்குப் பக்கத்துக் கலரு. இப்படியே வரிசையா. அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணளவு மூடிகளைப் பார்த்தார். பாதி மூடிகள் ஒரே நிறமாக இருந்தன.  பக்கத்து நாற்காலியில் மாடியம்மா உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம், கண்ணளவின் கண் தானாக அந்தப் பக்கம் போனது. ஒரு மூடிமேல் விரலை வைத்தார். மாடியம்மா காதைத் தொட்டார். அடுத்த மூடி. காது. அதற்கடுத்தது. மூக்கு. கண்ணளவு அதை எடுத்து வைத்தார். இப்படியே காதும் மூக்குமாகத் தட்டு நிறைந்தது. கடைசி மூடியை வைத்தபோது அவருக்கு மூச்சு சீரானது. பட்டறைக்குள் நிமிர்ந்து நடந்து போவதை நினைத்துக்கொண்டார். டிங்கரின் முகமும் நினைவுக்கு வந்தது, அதைத் தள்ளிவிட்டார்.

அந்தப் பெண் தட்டைத் தலைகீழாகத் திருப்பி, மூடிகளின் அடியில் இருந்த எண்களைப் பார்த்து, ஒரு வட்டத்தில் கோடு இழுத்தார். கோடு போகப் போக அவர் வேகம் குறைந்தது.

"நல்ல கண்ணுன்னா இந்தக் கோடு வட்டமாச் சுத்தி வரும்ங்க. இதைப் பாருங்க, குறுக்கயும் நெடுக்கயுமா ஓடுது. நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் நல்லாவே குழம்பியிருக்கு. தின்னர்ல இருக்கறவங்களுக்கு வர்ற மாதிரிதான்" என்றார். "கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க, எழுதிட்டுக் கூப்பிடறேன்."

வெளியே நீண்ட நடைபாதை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன.  கொஞ்ச தூரம் போனதும் கண்ணளவு பல்லைக் கடித்துக்கொண்டு, "டிங்கர் பேச்சைக் கேட்டுட்டே இல்ல?" என்றார்.

"என்னது?"

"வேணும்னே தப்பாக் காட்டியிருக்கே. என்னைத் தோக்கடிக்கச் சொல்லி அவன் உங்கிட்ட சொன்னானா இல்லையா?"

மாடியம்மா அவரை நேராகப் பார்த்தார். "சொன்னாரு. பொய் சொல்ல மாட்டேன். படியில நான் காதைத் தொடறதை அவரு கவனிச்சிருக்காரு. தப்பாக் காட்டிடுங்க அக்கா, எல்லாருக்கும் நல்லதுன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். ஆனா நீங்க அங்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாத்ததும் மனசு கேக்கலை. ஒண்ணுகூட மாத்திச் சொல்லலைங்க. எனக்குத் தெரிஞ்சதைத்தான் காட்டினேன்."

கண்ணளவு அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார். அவள் காட்டியபடியேதானே வைத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மெதுவாகத் திரும்பி, சுவரோரம் இருந்த நாற்காலிகளைக் காட்டினார்.

"இதெல்லாம் என்ன கலரு?"

"நீலம்."

"எல்லாமா?"

"எல்லாம் ஒண்ணுதானே. ஏன், உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அதுதான் வேடிக்கை, கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. தரையைத் துடைத்துக்கொண்டு வந்த பெண்ணைக் கண்ணளவு நிறுத்தினார். வெட்கத்தை விட்டுக் கேட்டார். அந்தப் பெண் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இது நீலம், அடுத்தது பச்சை. மறுபடி நீலம், பச்சை. மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பானோடு நகர்ந்தார்.

மாடியம்மா ஒரு நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்ததை. தடவினால் தெரிந்துவிடும் என்பது போல. பிறகு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?" என்றார் கண்ணளவு. 

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் பாக்கறதுதானே எனக்குக் கலரு."

திரும்பி வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணளவுக்கு நினைவு வந்தன. தன் கை நடுங்கவே இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. தங்கை பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது, கொடியில் தொங்கிய துண்டுகள், மாடியம்மா தேய்த்துக்கொள்ளும் தைலம் எல்லாம் இப்போது ஒரே வரிசையில் வந்து நின்றன. தன் கண் போனதற்கு அவர் ஒரு நாளும் அழுததில்லை. இப்போது நடைபாதையில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதார். மாடியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, யாராவது பாப்பாங்க" என்றார்.

அறைக் கதவு திறந்து அவரைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் வசதி. அவர் கண் போனதாக எழுதியாகிவிட்டது, டிங்கருக்கும் வக்கீலம்மாவுக்கும் வேண்டியது அதுதான், எழுதியதும் பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும்.

கண்ணளவு மனைவியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"அந்தக் கோடு என்னுது இல்லைம்மா" என்றார்.

பரிசோதனை செய்த பெண்ணுக்குப் புரியவில்லை. காது, மூக்கு, படி, டீ என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "நீங்க ஏமாத்தினதா நான் எழுதணும். வழக்குல இதை உங்களுக்கு எதிராப் பேசுவாங்க. தெரியுமா?" என்றார்.

"பேசட்டும். என் கண்ணு போயிடுச்சு. ரொம்ப நாளாச்சு, மறைச்சு வெச்சிருந்தேன், அதையும் எழுதுங்க" என்றார் கண்ணளவு. வாழ்க்கையில் முதல் முறையாக அதை வெளியே ஒருவரிடம் சொன்னார். சொன்ன பிறகு தலையில் இடி ஒன்றும் விழவில்லை. "மறுபடி எனக்கு வைங்க, அவளை வெளியில உக்கார வெச்சுட்டு. அப்புறம் அவளுக்கு வைங்க, நான் வெளியில போறேன்."

அப்படியே நடந்தது. இரண்டு வட்டங்கள், இரண்டிலும் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. யாருடையது மோசம் என்று பார்க்க வேண்டியதே இல்லை. வாசனையை விட்டு விலகி இருந்தால் கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண். முதலில் வீட்டை மாற்றுங்கள் என்றார்.

பிறகு மாடியம்மாவுக்கு ஒரு புதுத் தாள் எடுத்து வைத்துக்கொண்டு, வரிசையாகக் கேட்டார். வயசு, வீட்டு விலாசம், வேறு வியாதி ஏதாவது உண்டா. மாடியம்மா நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

"என்ன வேலைங்க செய்யறீங்க?"

"வேலைக்கெல்லாம் போறதில்லைங்க. வீட்டுலதான்."

"தின்னர் வாசனையில ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

இதே கேள்விக்குக் காலையில் கண்ணளவு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், நடுவில் சாப்பாட்டு நேரம் போக, என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றும் சொல்லியிருந்தார். மாடியம்மா யோசித்தார். யாரும் இதுவரை அவரிடம் கேட்காத கேள்வி. கதவருகே நின்ற கணவரை ஒரு முறை பார்த்தார்.

"நான் வீட்டை விட்டு எங்கங்க போவேன்?" என்றார்.